ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் சர்வர் ஹோஸ்ட் மாறும்போது நினைவகம் என்ன ஆகிறது?

மெய்நிகர் சர்வரை (நிஜக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் சர்வரை) நிறுத்தாமல் வேறு ஹோஸ்ட்டுக்கு, அதாவது அதைத் தாங்கும் வேறு நிஜக் கணினிக்கு, மாற்றும்போது, மாறிக்கொண்டே இருக்கும் ரேம் எப்படி முழுசாகப் போய்ச் சேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதல் சுற்றில் ரேம் முழுவதும் பக்கம் பக்கமாக (பக்கம் என்பது ரேமின் ஒரு சிறு துண்டு) நெட்வொர்க் வழியே போகும். சர்வர் ஓடிக்கொண்டே இருப்பதால், அனுப்பிய பக்கங்களில் சில மறுபடி மாறிவிடும். மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அவற்றைக் குறித்துவைத்து, அடுத்த சுற்றில் அவற்றை மட்டும் அனுப்பும். இப்படிச் சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறையும். போதுமான அளவு குறைந்ததும் சர்வரை ஒரு கணம் நிறுத்தி, மீதிப் பக்கங்களையும் சிபியு நிலையையும் அனுப்பி, புது ஹோஸ்ட்டில் தொடர வைக்கும். 2005-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் ஜென் ஹைப்பர்வைசரில் செய்துகாட்டியபோது, ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த குவேக் 3 என்ற கணினி விளையாட்டின் சர்வர் நின்றது வெறும் 60 மில்லிவினாடி. எனக்கு இன்றும் வியப்பு தரும் எண் அது.

சரி, எப்போது சிக்கும்? அனுப்பும் வேகத்தைவிட ரேமில் எழுதும் வேகம் கூடினால் மிச்சம் குறையவே குறையாது. மும்முரமான டேட்டாபேஸ் சர்வர்களில் இதை எதிர்பார்க்கலாம். கேவிஎம் என்ற லினக்ஸ் ஹைப்பர்வைசரில் அப்போது சர்வரின் சிபியுவை வேண்டுமென்றே மெதுவாக்கலாம். அல்லது சர்வரை முதலில் புது ஹோஸ்ட்டில் ஓடவிட்டு, பக்கங்களைப் பின்னால் கேட்கக் கேட்க அனுப்பலாம். ஆனால் இந்த இரண்டாம் வழியில் நடுவில் இணைப்பு அறுந்தால் நினைவகம் இரண்டு ஹோஸ்ட்டிலும் அரைகுறையாக நிற்கும். அதனால் நான் சிபியுவை மெதுவாக்கும் முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

அப்புறம், சர்வரின் வட்டு, இரண்டு ஹோஸ்ட்டும் அணுகும் பொதுச் சேமிப்பகத்தில் இருந்தால் அதை நகர்த்தவே வேண்டாம். ஐபி முகவரியும் மாறாது. புது ஹோஸ்ட் ஒரு அறிவிப்பு அனுப்பியதும் நெட்வொர்க் சுவிட்ச், சர்வருக்கான தரவை இனி எந்த போர்ட் (இணைப்பு வாய்) வழியே அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொள்ளும்.