விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்போது வீட்டுப் பத்திரத்தை வைத்து வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

நீங்கள் கேட்டது இது: 2026 செப்டம்பரில் சேர கனடாவில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று என இரண்டு முதுகலை ஆஃபர் கையில் இருக்கிறது. விதிகள் நிலையாக இல்லை. மதுரையில் இருக்கிற வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாமா, ஒரு வருடம் பொறுக்கலாமா?

போங்கள், போகாதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் இது ஒரு தடவை நடந்து முடிந்துவிட்டது.

எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். 2023 நவம்பரில் தம்பிக்கு கனடாவின் ஒண்டாரியோவில் இரண்டு வருட டிப்ளமோவுக்கு ஆஃபர் வந்தது. 2024 மே மாதம் சேர வேண்டும். தனியார் கல்லூரிதான், ஆனால் சான்றிதழ் ஓர் அரசுக் கல்லூரியின் பெயரில் வரும். மதுரையில் நாங்கள் போன கன்சல்டன்சியில் இதைப் பெருமையாகவே சொன்னார்கள். முதல் செமஸ்டர் பணத்தைக் கட்டினோம். அங்கே சாப்பாடு, வாடகைக்கென்று முன்கூட்டியே போட்டுவைக்கிற ஜி.ஐ.சி. தொகை அப்போது 10,000 கனடா டாலர். அப்பா மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடந்தார்.

டிசம்பர் 7 அன்று கனடா அரசு அறிவித்தது: ஜனவரி 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 20,635 டாலர் காட்ட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் நேரம் இருந்தது. அதற்குள் போட்டிருந்தால் பழைய தொகையே போதும். கடன் இன்னும் சாங்ஷன் ஆகவில்லை என்பது ஒரு காரணம். மார்கழி வருகிறது, தை பிறக்கட்டும் என்று அம்மா சொன்னது இன்னொரு காரணம். (அம்மாவைக் குறை சொல்லவில்லை. நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.)

பொங்கல் முடிந்ததும் மாமாவிடம் ஆறு லட்சத்துக்கு மேல் கைமாற்று கேட்டு, விண்ணப்பத்தைத் தயார் செய்தோம். ஜனவரி 22 வந்தது. இந்தத் தடவை ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. அன்று காலை, அவர்கள் நேரப்படி எட்டரை மணிக்குப் பிறகு வந்த விண்ணப்பங்களுக்கு மாகாண அரசின் அத்தாட்சிக் கடிதம் தேவை என்றார்கள். அந்தக் கடிதத்தை யார், எப்படிக் கொடுப்பார்கள் என்ற ஏற்பாடே அன்றைக்கு இல்லை. அதைச் செய்துகொள்ள மாகாணங்களுக்கு மார்ச் 31 வரை நேரம் கொடுத்திருந்தார்கள்.

அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. தனியார் கல்லூரி நடத்தி, அரசுக் கல்லூரி சான்றிதழ் கொடுக்கிற படிப்புகளில் இனிமேல் சேருபவர்களுக்குப் படித்து முடித்தபின் வேலை அனுமதி கிடையாது. முதலில் 2024 செப்டம்பர் 1 முதல் என்றார்கள். பிறகு அதை மே 15-க்கு இழுத்துவிட்டார்கள். கன்சல்டன்சியில், "ஒண்ணும் ஆகாது தம்பி, சீட்டை செப்டம்பருக்கு மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். தம்பியும், "எல்லாரும் போறாய்ங்கக்கா, நான் மட்டும் ஏன் பயப்படணும்?" என்றான். அன்று ராத்திரி அந்த நாட்டு அரசின் தளத்தை நானே உட்கார்ந்து படித்தேன். மே 15-க்கு முன் வகுப்பில் சேர்ந்தவருக்குத்தான் வேலை அனுமதி. அத்தாட்சிக் கடிதம் வாங்கி, விசா கிடைத்து, அதற்குள் போய்ச் சேர வழியே இல்லை. செப்டம்பரில் சேர்ந்தால் படிக்கலாம், அப்புறம் ஊருக்கு வந்து அங்கே ஆன கடனைக் கட்டலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்டோம். பிடித்தம் போகக் கல்லூரியிலிருந்து வந்து சேரப் பல மாதம் ஆயிற்று. கன்சல்டன்சிக்குக் கொடுத்தது வரவே இல்லை.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான். ஒரு விதி மாறினால், அது எந்தத் தேதியை வைத்துப் பிரிக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் விண்ணப்பம் போட்ட தேதியா, வகுப்பில் சேர்ந்த தேதியா, படிப்பு முடிந்தபின் அடுத்த விசாவுக்குப் போடும் தேதியா? ஜி.ஐ.சி. முதல் வகை. அதில் நாம் முந்திக்கொள்ளலாம். மே 15 இரண்டாவது வகை. மூன்றாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் அந்தத் தேதி வரும்போது பணம் முழுக்கச் செலவாகியிருக்கும்.

உங்கள் பிரிட்டன் ஆஃபர் அந்த மூன்றாவது வகை. படிப்புக்குப் பிறகு கொடுக்கும் கிராஜுவேட் விசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம் (பி.எச்.டி.க்கு மட்டும் பழையபடி மூன்று வருடம்). நீங்கள் 2026 செப்டம்பரில் சேர்ந்தால் ஒரு வருட முதுகலை 2027-ல்தான் முடியும். ஆக உங்களுக்கு 18 மாதம், அவ்வளவுதான். எந்த நோட்டீஸில் இரண்டு வருடம் என்று அச்சடித்திருந்தாலும் அது உங்களுக்கு இல்லை. கல்யாணம் ஆனவர் என்றால் இன்னொன்று: 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத முதுகலைக்குப் போகிறவர் துணையைக் கூட்டிப்போக முடியாது.

கனடா ஆஃபர் அரசுப் பல்கலைக்கழகத்துடையது என்றால், என் தம்பி இருந்த நிலைமையைவிட நீங்கள் எவ்வளவோ மேல். என் தம்பி மாதிரி தனியார் கல்லூரி டிப்ளமோக்காரர்களுக்கு வேலை அனுமதிக் கதவை அடைத்த அதே 2024 ஜனவரி அறிவிப்பில்தான், இரண்டு வருடத்துக்குக் குறைவான முதுகலை முடித்தாலும் மூன்று வருட வேலை அனுமதி என்று வந்தது. 2026 ஜனவரி 1 முதல் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதுகலை, பி.எச்.டி. படிக்கப் போகிறவர்களுக்கு அந்த அத்தாட்சிக் கடிதமும் வேண்டாம். விதிகள் இறுகுகின்றன என்று பொதுவாகச் சொல்கிறார்கள். யாருக்கு இறுகுகிறது என்று பார்த்தால் கனடாவில் அது பெரும்பாலும் டிப்ளமோக்காரர்களுக்கு. காட்ட வேண்டிய தொகை மட்டும் 2025 செப்டம்பர் முதல் 22,895 டாலர், முதல் வருடக் கட்டணம் தனி. இதை ஆண்டுதோறும் மாற்றுவோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஜி.ஐ.சி.யாகத்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயம், எஸ்.டி.எஸ். என்ற மாணவர் விசா வேக வழியை 2024 நவம்பரில் மூடியபோதே போய்விட்டது. வங்கியின் கல்விக்கடன் கடிதமும் செல்லும்.

கன்சல்டன்சி எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பல இடங்களில் அவர்களுக்குக் கமிஷன் கல்லூரியிலிருந்து வருகிறது. நீங்கள் சேர்ந்தால்தான் காசு. "பொறுங்கள்" என்று அவர்கள் வாயால் வராது.

கடன் விஷயத்தில் என் கணக்கு கொஞ்சம் கறாரானது. வேலை அனுமதி கிடைக்காமல் படிப்பு முடிந்த மறுமாதமே ஊருக்கு வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இங்கே, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கிடைக்கிற சம்பளத்தில் மாதத் தவணையைக் கட்ட முடியுமா? முடிந்தால் பத்திரத்தை வையுங்கள். முடியாது என்றால் தொகையைக் குறையுங்கள், அல்லது நாட்டை மாற்றுங்கள். தம்பி இப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு ஜெர்மன் வகுப்புக்குப் போகிறான். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) காட்டினால் போதும். இங்கே படித்த படிப்பைச் சரிபார்த்து அவர்கள் கொடுக்கிற ஏ.பி.எஸ். சான்றிதழையும் வாங்கிவிட்டான். இன்னும் கிளம்பவில்லை.

இரண்டு ஆஃபர் லெட்டரிலும் டெபாசிட் கட்டக் கடைசித் தேதி, விசா மறுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், விதி மாறி நீங்களே விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மூன்று இடம் இருக்கும். கடைசி இரண்டும் வேறு வேறு. எங்களுக்கு அடி விழுந்தது மூன்றாவதில். அந்த வரிகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம்.