மெலோஸில் பேசியது யார்?

அன்புள்ள ஐயா,

சர்வதேச உறவுகள் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். நாடுகளை நடத்துவது பலம் என்னும் யதார்த்தவாதமா, ஒத்துழைப்பு என்னும் தாராளவாதமா, பகிர்ந்த நெறிகள் என்னும் கட்டுமானவாதமா, எதில் நின்று ஆய்வேடு எழுதுவது என்று குழம்பிப்போயிருக்கிறேன். புள்ளிவிவர முறை தெரியாதவர்களுக்கு இனி இத்துறையில் இடமில்லை என்றும் பயமுறுத்துகிறார்கள். 'வலியவன் முடிந்ததைச் செய்வான், எளியவன் பட வேண்டியதைப் படுவான்' என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் அன்றே சொல்லிவிட்டாரே, மற்றதெல்லாம் வார்த்தை விளையாட்டுதானே?

கவிதா

அன்புள்ள கவிதா,

புள்ளிவிவரம் படித்தால் வந்துவிடும், அதற்கெல்லாம் கலங்காதீர்கள். எந்தத் தரப்பு என்பதும் இப்போது முக்கியமில்லை. நல்ல கேள்வி ஒன்று கையில் இருக்கட்டும் முதலில்.

ஆனால் அந்த மேற்கோளை விட முடியாது. தூசிடிடிஸ் அதைச் சொல்லவில்லை, அம்மா. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொனேசியப் போரைப் பற்றிய அவர் நூலில், கி.மு. 416இல் மெலோஸ் என்ற சிறு தீவைப் பணியச்சொல்லி மிரட்ட வந்த ஏதென்ஸ் தூதர்கள் சொல்கிறார்கள். சகுனியின் பேச்சை வியாசரின் கருத்து என்று எழுதுவீர்களா? அதிலும் முன்பாதியை விழுங்கிவிட்டீர்கள். 'சம பலம் உள்ளவர்களுக்கு இடையில்தான் நியாயம் பற்றிய பேச்சே எழும்' என்று தொடங்கும் வாக்கியம் அது.

இருபத்திரண்டு வயதில் நானும் இதையே என் கட்டுரையின் முதல் வரியாக வைத்தேன். ஆசிரியை பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று மட்டும் எழுதியிருந்தார். கோபத்தோடு நூலகம் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். அன்று மாலைவரை எழுந்திருக்கவில்லை.

மெலோஸின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள் என்பதோடு ஐந்தாம் பகுதி முடிகிறது. பக்கத்தைப் புரட்டினால் அதே ஏதென்ஸ் சிசிலிமேல் படையெடுக்கத் துடிக்கிறது. கி.மு. 413இல் அந்தப் படை அழிந்தது. பிடிபட்டவர்களைச் சிசிலியின் சிராகூஸ் நகரக் கல்குவாரிகளில் அடைத்தார்கள். பகலில் வெயில், இரவில் குளிர், செத்தவர்களின் பிணங்கள் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன. இந்த வரிசையில் வைத்துப் படிக்காமல் அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்?

தூசிடிடிஸ் விட்ட இடத்திலிருந்து இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் தொடர்கிறார். கி.மு. 405இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்று ஏதென்ஸின் கடற்படையும் போயிற்று. செய்தி கொண்டுவந்த கப்பல் இரவில் துறைமுகத்தை அடைகிறது. அழுகுரல் அங்கிருந்து, துறைமுகத்தை நகரோடு இணைத்த நெடுமதில்கள் வழியாக, ஒருவர் ஒருவருக்குச் சொல்லச் சொல்ல, நகருக்குள் ஏறுகிறது. அன்றிரவு யாரும் தூங்கவில்லை. மெலோஸுக்குத் தாங்கள் செய்தது தங்களுக்கும் நடக்கும் என்று பயந்தார்கள்.

நடக்கவில்லை. தோற்றுப்போன ஏதென்ஸை அழித்துவிடச் சொல்லி ஸ்பார்ட்டாவின் கூட்டாளி நகரங்களான கொரிந்தும் தீப்ஸும் கேட்டன. வென்ற ஸ்பார்ட்டா மறுத்தது. கிரேக்கத்துக்கு ஆபத்து வந்த காலத்தில் பெரும் நன்மை செய்த நகரத்தை அடிமைப்படுத்த மாட்டோம் என்றது. வலியவன் முடிந்ததைச் செய்யவில்லையே, ஏன்? தீப்ஸ் தலைதூக்காமலிருக்க ஏதென்ஸ் தேவைப்பட்டது என்பார் யதார்த்தவாதி. கடன்பட்ட நினைவுக்கும் எல்லோரும் ஏற்ற நெறிக்கும் பலம் உண்டு என்பார் கட்டுமானவாதி. இதையா வார்த்தை விளையாட்டு என்கிறீர்கள்? ஒரு நகரமே உயிர்பிழைத்த காரணத்தைப் பற்றிய சண்டை இது.

ஐந்தாம் பகுதியின் கடைசியிலிருந்து ஏழாம் பகுதி முடியும்வரை இந்த மாதம் படியுங்கள். குறிப்பெடுக்காமல் படியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.