தாத்தாவின் கான்செர்ட்டினாவைச் செய்தது யார்?

கேள்வி: என் தாத்தா இரட்சணிய சேனையில் அலுவலராக இருந்தவர். அவர் வாசித்த கான்செர்ட்டினா எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆறு பக்கம், நடுவே தோல் துருத்தி, கையை நுழைக்கத் தோல் பட்டை. காற்றுப் பொத்தான் நீங்கலாக இடப்பக்கம் 20 பொத்தான், வலப்பக்கம் 28. துருத்தியை இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம்தான். ‘க்ரேன் அண்ட் சன்ஸ், லிவர்பூல்’ என்ற பெயரும் மூன்று இலக்க எண்ணும் தெரிகின்றன. எண் சின்னதாக இருப்பதால் 1850-க்கு முந்தையது என்று ஒரு பழம்பொருள் வியாபாரி சொல்கிறார், விலைக்கும் கேட்கிறார். இதைச் செய்தது க்ரேன் கம்பெனிதானா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: 1850 என்பதற்கு வாய்ப்பே இல்லை, அம்மா. நீங்கள் பொத்தான்களை எண்ணி எழுதியது நல்லதாகப் போயிற்று. இடத்தில் 20, வலத்தில் 28, இரு பக்கமும் ஐந்து வரிசை, இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரே சுரம் என்றால் அது ‘க்ரேன் டூயட்’ என்ற வகை. வரிசை ஐந்துதானா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்புக்கு பட்டர்வொர்த் என்பவர் காப்புரிமை எடுத்ததே 1896-இல்தான். இரட்சணிய சேனைக்கு இந்த வகை மிகவும் பிடித்துப்போய், ‘ட்ரையம்ஃப்’ என்று தனிப் பெயரே வைத்துக்கொண்டார்கள். தெருக்கூட்டத்தில் நின்றபடி ஒரு கையில் மெட்டும் மறு கையில் துணைச் சுரங்களும் வாசிக்க இதைவிடத் தோதான பெட்டி கிடையாது. தாத்தாவின் கைக்கு இது வந்து சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

அடுத்து, பெயர். க்ரேன் அண்ட் சன்ஸ் இசைக்கருவி விற்ற கடைக்காரர்கள். வேறொருவர் பட்டறையில் செய்து வந்த பெட்டிகளில் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். அக்காலத்தில் பல கடைகள் அப்படித்தான் செய்தன. இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவை லண்டனில் லாஷனல் கம்பெனி செய்தவை. உங்களுடையதும் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லூயி லாஷனல் சுவிட்சர்லாந்துக்காரர். லண்டனுக்கு வந்து வீட்ஸ்டோன் கம்பெனிக்குக் கான்செர்ட்டினா செய்து கொடுத்து, பிறகு தனித் தொழில் தொடங்கியவர். 1861-இல் அவர் இறந்ததும் மனைவி எலிசபெத்தான் பட்டறையை நடத்தினார். கான்செர்ட்டினா பற்றிப் பேசும்போது அந்த அம்மாளை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். பின்னாளில் லாஷனல் அண்ட் கோ என்றான அந்தக் கம்பெனி 1930-களில் மூடப்பட்டது. ஆகவே உங்கள் பெட்டியின் வயதை 1896-க்கும் 1930-களுக்கும் நடுவில் தேட வேண்டும்.

சரி, எண் ஏன் சின்னது? லாஷனல் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வரிசையில் எண் போட்டது. டூயட்டில் மூன்று இலக்கம் என்றால் அந்த வரிசையில் முதலில் வந்தவற்றுள் ஒன்று என்றுதான் அர்த்தம். செய்தவரும் வகையும் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து வருடம் சொல்பவரை நம்பாதீர்கள். வீட்ஸ்டோன் பெட்டியாக இருந்தால் கதை வேறு. பிளஸ் டூ இயற்பியலில் படித்தோமே, வீட்ஸ்டோன் சமனச்சுற்று, அதே சார்லஸ் வீட்ஸ்டோன்தான் கான்செர்ட்டினாவையும் உருவாக்கியவர். அந்தக் கம்பெனியின் கணக்குப் பேரேடுகள் பல, லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணை வைத்து அவற்றில் வருடத்தைத் தேடலாம், இணையத்திலும் பார்க்கலாம். லாஷனலுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை.

உறுதி செய்ய உள்ளே பார்த்தாக வேண்டும். ஹார்மோனியம் ரிப்பேர் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். திருகாணியின் வெட்டில் சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறித் தளர்த்துங்கள். எடுத்த திருகாணி அதே துளைக்குத்தான் திரும்பப் போக வேண்டும். அட்டையில் ஆறு துளை போட்டு அதே வரிசையில் குத்தி வையுங்கள். மூடியைத் தூக்கினால் பொத்தான்களும் லீவர்களும் தெரியும். லீவர் கொக்கிபோல் பித்தளைத் தூணில் மாட்டியிருந்தால் அது லாஷனல் பக்கம் சாயும். ரிவெட் அடித்திருந்தால் வீட்ஸ்டோனா, கிராப் என்ற இன்னொரு லண்டன் கம்பெனியா என்று யோசிக்க வேண்டும். அதற்கும் கீழே ரீடு பலகை. ரீடு என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு. ஒவ்வொரு ரீடும் தனிப் பித்தளைச் சட்டத்தில், பள்ளத்தில் இறுக்கமாகச் செருகி நிற்கும். பல ரீடுகள் ஒரே நீளத் துத்தநாகத் தகட்டில் வரிசையாக இருந்தால் அது ஜெர்மன் மலிவுப் பெட்டி. பலகையிலும் துருத்திச் சட்டத்திலும் எண் குத்தியிருக்கும். அது வெளியே உள்ள எண்ணோடு இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பெட்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது. ரிப்பேர்க்காரர்கள் பென்சிலில் தேதியும் கையெழுத்தும் போட்டு வைப்பது வழக்கம், எதையும் துடைத்துவிடாதீர்கள்.

நாகர்கோவில் கடல்காற்றுக்கு எஃகு ரீடு துருப்பிடித்திருக்கலாம். எண்ணெய் போடாதீர்கள், உப்புத்தாள் தேய்க்காதீர்கள், இரண்டுமே சுருதியைக் கெடுக்கும். குஜராத்தின் பாலித்தானாவிலிருந்து ஹார்மோனியத்துக்கு வரும் ரீடைச் செருகலாம் என்று யாராவது சொன்னால் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வியாபாரியிடம் இப்போதைக்கு விலை பேச வேண்டாம். லீவர்கள், ரீடு பலகை, குத்திய எண் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.