காதைக் குத்தும் ஸ்பீக்கர்கள்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர் வாங்கினேன். அதில் உச்ச ஒலிகளைத் தரும் சிறிய பாகமான ட்வீட்டர் உலோகத்தால் ஆனது. கடையில் கேட்டபோது அதன் துல்லியத்தில் மயங்கிப்போனேன். இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் பாட்டு கேட்க முடியவில்லை. பெண் குரலில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது. வயலின் மேலே போனால் என்னையறியாமல் வால்யூமைக் குறைத்துவிடுகிறேன். அறையில் டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி, என் முகத்தைப் பார்த்தபடி வைத்திருக்கிறேன். ஒரு நண்பர் கேபிளை மாற்று என்கிறார். பட்டு ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கருக்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

பாட்டு கேட்பதே அரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது என்கிறீர்களே, அது பெரிய இழப்பு. சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். ஆனால் இதே அறையில் இதே இடத்தில் வேறு ஸ்பீக்கரை வைத்தால், பாதித் தொல்லை அதோடும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் ஸ்பீக்கர்களைச் சுவரை ஒட்டி நகர்த்துங்கள், ஒரு அடி இடைவெளி போதும். சிறிய ஸ்பீக்கருக்குச் சுவரின் துணை இல்லையென்றால் கனமான தாழ்ந்த ஒலி (பேஸ்) மெலிந்துவிடும். கீழே கனம் குறைந்தால், மேலே இருப்பது கூடவில்லை என்றாலும் கூடினாற்போல்தான் கேட்கும். அப்புறம், முகத்தைப் பார்த்து நிற்கும் ஸ்பீக்கர்களை, உங்களை விட்டுச் சற்று விலகி அறையின் எதிர்ச் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவிடுங்கள். மிக உயர்ந்த ஒலிகள் ட்வீட்டருக்கு நேர் எதிரேதான் அதிகம் வரும், பக்கவாட்டில் தணிந்துவிடும்.

அடுத்தது அந்தக் கண்ணாடி ஜன்னல். நீங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னலோடு சேர்த்துப் பிடித்தபடி மெதுவாக நகரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு ட்வீட்டர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலி உங்கள் காதுக்குத் திரும்பி வருகிறது. அந்த இடத்தை மறைக்கும்படி கனமான திரை போடுங்கள். மெல்லிய திரைச்சீலை பெரிதாக உதவாது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடித்த கம்பளம் விரியுங்கள்.

பல ஸ்பீக்கர்களில் இந்தப் பக்கவாட்டு ஒலிதான் சிக்கலே. தாழ்ந்த, நடு ஒலிகளைத் தரும் ஆறரை அங்குல வூஃபர், ஒலியின் உயரம் 2 கிலோஹெர்ட்ஸை நெருங்கும்போது ஒலியைக் குறுகலாக முன்னோக்கி அனுப்பத் தொடங்கும். அதற்குச் சற்று மேலே பொறுப்பேற்கும் ஒரு அங்குல ட்வீட்டர் நாலா பக்கமும் இறைக்கும். அதனால் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பகுதி சுவர்களில் பட்டு மிகுதியாகத் திரும்பி வரும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அதே இடத்தில், 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒலி காதைக் குத்துவதில் வியப்பில்லை.

இவ்வளவும் செய்தபின் ஆம்ப்ளிஃபயரின் டோன் கன்ட்ரோலில் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளை, 2 டெசிபெல் குறைத்து இரண்டு வாரம் கேளுங்கள். டோன் கன்ட்ரோலைத் தொடுவதே பாவம் என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் பேச்சை விட்டுவிடுங்கள். யமஹா என்எஸ்-10 என்ற ஸ்பீக்கர் 1978இல் வீட்டு உபயோகத்துக்காக வந்து, பிறகு உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்தது. அதன் மேல் ஒலி கூர்மையாக இருந்ததால் தொழில்முறைப் பொறியாளர்களே ட்வீட்டர்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிக் கேட்டார்கள். காதுக்கு இதமாகத் திருத்திக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை. கேபிளை மட்டும் மாற்ற வேண்டாம். போதுமான தடிமனுள்ள சாதாரண செம்புக் கம்பி போதும்.

இதற்கெல்லாம் பிறகும் குத்தினால் தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் பட்டா உலோகமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நல்ல உலோக டோமின் (ட்வீட்டரில் அதிரும் குமிழ் வடிவ மூடி) ஒத்ததிர்வு, அதாவது அது தானாக மிகுந்து ஒலிக்கும் இடம், பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, நம் காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். பட்டு டோம் வைத்தே காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர்களும் உண்டு. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் என்ற மின்சுற்றை எப்படி அமைத்திருக்கிறார்கள், பக்கவாட்டில் ஒலி எவ்வளவு சீராகப் பரவுகிறது என்பவைதான் முக்கியம். ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் போன்ற குழிவு இருந்தால், அதன் பரவலை வூஃபரோடு பொருத்த முயன்றிருக்கிறார்கள் என்று பொருள். அளவீட்டு வரைபடம் கிடைத்தால் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே அளந்த கோட்டை மட்டும் பார்க்காமல், பக்கவாட்டுக் கோடுகளும் அதே வடிவில் மெல்லச் சரிகின்றனவா என்று பாருங்கள்.

கடையில் முதல் ஐந்து நிமிடத்தில் பிரமிக்க வைக்கும் ஸ்பீக்கரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சற்று உரக்க ஒலிப்பதுதான் எப்போதும் மேலானதாகத் தோன்றும். எனவே ஒலியளவைச் சமமாக்கச் சொல்லுங்கள். நீங்கள் வால்யூமைக் குறைக்கும் அதே வயலின் பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் வீட்டுக்கு எடுத்துவந்து சில நாள் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். திருப்பிக் கொடுக்க வழியிருக்கிறதா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். புதியது பழகும்வரை பழைய ஜோடியை விற்க வேண்டாம்.