"வாங்கவில்லை என்று நீ காட்டு" என்றால் என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஐயா, விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். அப்பா 2019இல் காலமாகிவிட்டார். போன மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பா 2014இல் காலபோகச் செய்கைக்கு 3 இலட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கினாராம். கொடுத்தவர் இப்போது கனடாவில் இருப்பதால் அவருக்காகத் தான் கேட்க வந்திருக்கிறாராம். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் அப்பாவின் பெயரும் தொகையும் இருக்கிறது, கையெழுத்து இல்லை. "வாங்கேல்லை எண்டால் அதுக்கு ஆதாரம் காட்டு" என்கிறார். வாசிகசாலையில் கூடிக் கதைத்தபோது ஊர்ப் பெரியவர்களும் என்னிடம்தான் ஆதாரம் கேட்டார்கள். அப்பாவின் பத்திரங்கள் எல்லாம் 2018 டிசம்பர் வெள்ளத்தோடு போய்விட்டன. அம்மா பயத்தில் "வாங்கியிருந்தாலும் குடுத்திருப்பார்" என்று சொல்லிவிட்டா. இதை யார் நிரூபிக்க வேண்டும்?

பதில்: தங்கச்சி, நிரூபிக்க வேண்டியவர் அவர். கொப்பியைத் தூக்கிக்கொண்டு உங்கள் படலையைத் திறந்து வந்தவர் அவர்தானே. உங்களிடம் பத்திரம் இல்லாதது அவருக்கு ஆதாரம் ஆகாது. வெள்ளம் கொண்டுபோனது உங்கள் கடதாசிகளை. அவருடைய கடதாசிகளை யார் கொண்டுபோனது என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

கடன் கொடுத்தவருக்குத் தன் பேச்சை நிலைநிறுத்த ஒரே ஒரு பொருள் போதும்: கையெழுத்திட்ட ஒரு துண்டு, அல்லது காசு கைமாறும்போது பக்கத்தில் நின்ற ஒருவர். வாங்கவில்லை என்பவர் என்னத்தைக் காட்டுவது? 2014இல் அப்பா எழும்பிய ஒவ்வொரு காலையும் படுத்த ஒவ்வொரு இரவும் யாரிடமும் காசு வாங்கவில்லை என்று காட்டவேண்டி வரும். அது எவராலும் ஆகாத காரியம். அதனால்தான் சொல்பவன் மேல் சுமை, மறுப்பவன் மேல் இல்லை என்ற விதியை உரோமச் சட்ட அறிஞர் பவுலுஸ் எழுதிவைத்தார். 6ஆம் நூற்றாண்டில் யஸ்டீனியன் பேரரசர் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அது இருக்கிறது. உங்கள் ஊரில் உயர்தரத்துக்கு அளவையியல் எடுக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் கேட்டுப் பாருங்கள். "என் கூற்றைப் பொய்யென்று யாரும் காட்டவில்லை, ஆகவே அது உண்மை" என்பது போலி நியாயம் என்று அந்தப் பிள்ளையே சொல்லும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் படிப்பிப்பதை வாசிகசாலைக் கூட்டத்தில் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போய்க் கும்பிடுகிற ஊர் இது. அந்த அம்மனின் கதை என்ன? கோவலன் சிலம்பைத் திருடினான் என்று பொற்கொல்லன் சொன்னான். பாண்டியன் அவனிடம் ஆதாரம் கேட்கவில்லை. கடைசியில் கணவனை இழந்த பெண் சிலம்பை உடைத்து மாணிக்கப்பரலைக் காட்டவேண்டி வந்தது. குற்றம் சொன்னவனைக் கேட்காமல் குற்றம் சுமத்தப்பட்ட வீட்டைக் கேட்டதுதான் அந்த அரசன் செய்த பிழை. அதே பிழையைத்தான் உங்கள் கூட்டமும் செய்திருக்கிறது.

இனிச் சட்டம். எங்கள் நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. 1872இல் இந்தியாவுக்கு ஸ்டீபன் என்பவர் எழுதிய சட்டத்தைப் பின்பற்றியது. அதன் 101ஆம் பிரிவு, ஒரு விடயம் உண்டு என்று சொல்லித் தீர்ப்புக் கேட்பவர் அந்த விடயத்தை எண்பிக்க, அதாவது நிரூபிக்க, வேண்டும் என்கிறது. 102ஆம் பிரிவு இன்னும் இலகுவான ஒரு சோதனையைத் தருகிறது. இரண்டு பக்கமும் வாயே திறக்காமல், ஒரு துண்டுக் கடதாசியும் நீட்டாமல் இருந்தால் யார் தோற்பார்? தோற்பவர் தலையில்தான் சுமை. உங்கள் விடயத்தில் இருவரும் பேசாமல் இருந்தால் தோற்பது அவர்.

அந்தக் கொப்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகத்தையே தனியே வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்கிறது. வேறு சான்றும் வேண்டும். முறையான கடைக் கணக்குக்கே அந்தக் கதி என்றால், ஒருவர் தன் வீட்டு மேசையில் இருந்து எழுதிய கொப்பிக்கு என்ன பெறுமதி? இப்படிப்பட்ட கொப்பிகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. பல வருடக் கணக்கு என்பார்கள். ஆனால் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே பேனை, ஒரே நீலம், ஒரே கை அழுத்தம். நாலு போகம் வயல் வரம்பிலும் சைக்கிள் கரியரிலும் அலைந்த கொப்பியின் மூலை மடங்கியிருக்கும், தேத்தண்ணிக் கறையாவது பட்டிருக்கும். இவர்களின் கொப்பி நேற்றுத்தான் கடையில் இருந்து வந்ததுபோல் இருக்கும்.

இப்போது நீங்கள் மிகக் கவனமாகக் கேட்கவேண்டிய இடம். அம்மா சொன்ன வார்த்தை.

"வாங்கவில்லை" என்பது ஒரு பேச்சு. "வாங்கினார், ஆனால் கொடுத்துவிட்டார்" என்பது முற்றிலும் வேறு பேச்சு. முதலாவதில் நீங்கள் எதையும் சொல்லவில்லை, மறுக்க மட்டும் செய்கிறீர்கள். இரண்டாவதில் கடன் இருந்தது என்பதை நீங்களே அவருக்கு எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதற்குப் பிறகு "கொடுத்தாயிற்று" என்பது உங்கள் கூற்று. அதை எண்பிக்கவேண்டியவர் நீங்கள். பற்றுச்சீட்டு எங்கே, எப்போது கொடுத்தது, யார் கண்டது என்று அவர் கேட்பார். 102ஆம் பிரிவின் சோதனையை மறுபடி வைத்துப் பாருங்கள். கடன் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் வாய் திறக்கவில்லை. இப்போது தோற்பது நீங்கள். அந்தப் பிரிவுக்குக் கீழே சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: ஒருவர் கடன் முறியை ஒப்புக்கொண்டு, ஆனால் அது மோசடியாகப் பெறப்பட்டது என்கிறார். மோசடியைக் காட்டவேண்டியவர் அவர், ஏனென்றால் முறி ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஒரு "ஆனால்" போட்டவுடன் சுமை தோள் மாறிவிடுகிறது.

இப்படி இன்னொருவருக்காகக் கடன் கேட்டு வரும் தரகர்மார் இதை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் வந்து சத்தம் போடுவார்கள். இரண்டாம் நாள் மெதுவாக, "அப்பா நல்ல மனுசன், ஒருவேளை திருப்பிக் குடுத்திருப்பாரோ?" என்று கேட்பார்கள். இரக்கப்பட்டுக் கேட்பதுபோல் இருக்கும். நீங்கள் "ஓம், குடுத்திருப்பார்" என்றால் போதும், பக்கத்தில் நிற்கும் ஆள் சாட்சி ஆகிவிடுவார். அம்மாவுக்குச் சொல்லுங்கள்: தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், ஊகிக்க மட்டும் கூடாது. அப்பா வாங்கியதை அம்மா கண்ணால் காணவில்லை என்றால், "எனக்குத் தெரியாது" என்பதுதான் அம்மாவின் உண்மையான பதில். வாசிகசாலையில் சொன்னதைக் கையோடு திருத்திவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் எழும்பி, "அண்டைக்குப் பயத்தில சொன்னனான், அவர் வாங்கினதை நான் அறியேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும்.

இன்னொரு பொறி 106ஆம் பிரிவு. ஒருவருக்கு மட்டும் விசேடமாகத் தெரிந்த விடயத்தை அவர்தான் காட்டவேண்டும் என்கிறது அது. யாழ்தேவி ரயிலில் ஏறியவர் ரிக்கற் எடுத்தாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும், அவர் காட்டட்டும் என்பது அதன் பொருள். "உன்ரை அப்பான்ரை விசயம் உனக்குத்தானே தெரியும்" என்று இதை உங்கள் மேல் திருப்பப் பார்ப்பார்கள். செல்லாது. கடன் கொடுத்தது கொடுத்தவருக்கும் தெரிந்த விடயம்.

காலக்கெடுவும் உங்கள் பக்கம் இருக்கிறது. வழக்குப் போடும் காலத்தை வகுக்கும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுத்து இல்லாமல் கொடுத்த கடனுக்கு 3 வருடம், புரோநோட்டு (பணம் தருவேன் என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டு) அல்லது எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம். 2014 எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் இதை நீதிமன்றம் தானாக எடுத்துப் பார்க்காது. உங்கள் மறுமொழியில் நீங்கள்தான் எழுப்பவேண்டும். இங்கேயும் அதே ஆட்கள் பதுங்கி நிற்கிறார்கள். வாய்ச்சொல்லால் செத்த கடன் உயிர்க்காது, கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதேபோல் முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கட்டினாலும் கதவு திறந்துவிடும். அதனால்தான் "இப்ப ஒரு 5,000 தா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்கிறார்கள். அந்த 5,000 ரூபாய்க்காக அவர் வரவில்லை. நீங்கள் கட்டினீர்கள் என்ற சான்றுக்காக வருகிறார். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

வெறுங்கடதாசியில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். "சும்மா ஒரு உறுதிக்கு" என்பார்கள், முத்திரையும் கொண்டுவருவார்கள். புரோநோட்டில் உங்கள் கையெழுத்து உங்களுடையதுதான் என்று ஆகிவிட்டால், பெறுமதி பெற்றுத்தான் ஒப்பமிட்டீர்கள் என்று 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் சட்டம் ஊகிக்கும். அதை உடைக்கும் வேலை உங்களுக்கு. தொகை எழுதாத புரோநோட்டைக் கடனுக்குப் பிணையாக வாங்குவது 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் சட்டப்படி குற்றம். வன்னி முழுக்க அந்தக் குற்றம் பகிரங்கமாக நடக்கிறது. காணியை எழுதித் தா என்றும் கேட்பார்கள். உங்கள் காணி அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி நீதிமன்றம்கூட அதைக் கடனுக்காகப் பறித்து விற்க முடியாது. மற்ற எதுவானாலும், அப்பாவின் கடன் அப்பா விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான். உங்கள் நகையும் உங்கள் சம்பளமும் அதற்குள் வராது.

அடுத்து அவர் உங்களை இரண்டு இடங்களுக்கு இழுக்கலாம். ஒன்று, பிணக்குகளைப் பேசி இணக்கமாகத் தீர்க்கும் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அங்கே இருப்பவர்கள் நீதிபதிகள் இல்லை. யார் எண்பிக்கவேண்டும் என்று பார்க்காமல், "சண்டை வேண்டாம், பாதி பாதி" என்று முடிக்கப் பார்க்கும் சபைகளைக் கண்டு எனக்கு அலுத்துவிட்டது. இல்லாத கடனில் பாதி என்ன? ஒன்றுமில்லாததில் பாதியும் ஒன்றுமில்லைத்தானே. 3 இலட்சம் கேட்டு ஒன்றரை இலட்சம் வாங்கிப் போகிறவர் அடுத்த வீட்டில் 6 இலட்சம் கேட்பார். உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை எழுதச் சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள்.

மற்றது பொலிஸ். கொடுக்கல் வாங்கல் கடனை அறவிடுவது பொலிஸின் வேலை இல்லை. ஆனாலும் முறைப்பாடு என்று கூப்பிடுவார்கள், வாக்குமூலம் எழுதுவார்கள், சிங்களத்தில். நீங்கள் தமிழில் "வாங்கேல்லை" என்று சொன்னது அங்கே எப்படி எழுதப்பட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "வாங்கினார், கொடுத்தார்" என்று ஒரு வரி அதில் விழுந்திருந்தால், நான் மேலே சொன்ன சுமை மாற்றம் பொலிஸ் மேசையிலேயே நடந்துவிடும். 1987இல் 13ஆவது திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி ஆகியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தமிழில் எழுதக்கூடிய ஓர் அலுவலரை வைக்காமல், வாசிக்கத் தெரியாத மொழியில் சனத்திடம் கையெழுத்து வாங்குவது அநியாயம். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. எழுத ஆள் இல்லை என்றால் கையெழுத்து இல்லை.

சுமை அவருடையது என்பதால் நீங்கள் பேசாமல் இருக்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சட்டத்தரணி ஒருவரிடம் இருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால் கட்டாயம் பதில் போடுங்கள். கொடுக்கல் வாங்கல் கடிதத்துக்குப் பதில் போடாதவர் அதை ஏற்றுக்கொண்டவர் என்று எங்கள் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டது உண்டு. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அந்தத் தவணைக்குப் போங்கள். போகாவிட்டால் ஒருபக்க விசாரணையில் அந்தக் கொப்பியே வென்றுவிடும்.

உண்மையில் அப்பா வாங்கியிருந்தார் என்று உங்களுக்குத் தெரியவந்து, கொடுக்க வேண்டும் என்று மனம் சொன்னால், கொடுங்கள். அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் தரகர் கையில் வேண்டாம். கனடாவில் இருப்பவரோடு நேரே கதைத்து, அவருடைய வங்கிக் கணக்குக்குப் போட்டு, கணக்குத் தீர்ந்தது என்று எழுத்தில் வாங்குங்கள்.

அவர் மறுபடி வந்தால் மூன்று விடயம் கேளுங்கள். நீர் அவருக்காகக் கேட்க அற்றோணித் தத்துவம், அதாவது அவர் உமக்கு எழுதித் தந்த அதிகாரப் பத்திரம், எங்கே? காசு கைமாறியபோது யார் நின்றது? கொப்பியை முழுதாகப் பார்க்கலாமா? அப்பாவின் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் விரித்துப் பிடிப்பார். அதற்கு முதல் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்துத் தொலைபேசியில் படமெடுங்கள். எடுக்க விடவில்லை என்றால், விடவில்லை என்பதையும் திகதியையும் நின்றவர்களின் பெயரையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். அந்தக் கடதாசியோடு கிளிநொச்சி சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வசதியில்லாதவர்களுக்கு அங்கே சட்டத்தரணியின் உதவி இலவசம்.