நடுவில் வரும் ஊர்கள்

அன்புள்ள ஐயா,

மூன்று நாளில் 900 கிலோமீட்டர் சுற்றிவரலாம் என்று காரில் கிளம்பினோம். நானும் மனைவியும், பிள்ளைகள் இரண்டு பேர். வழியில் வரும் சின்னச் சின்ன ஊர்களில் இறங்கி நடக்க வேண்டும் என்பதுதான் ஆசையே. கடைசியில் பெட்ரோல் பங்க் தவிர எங்கும் இறங்கவில்லை, ஊர்ப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு போனோம். ஒரே ஒரு ஊருக்குள் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி, எல்லாம் சாத்தியிருந்தது. “இங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டால் “ஒன்றும் இல்லையே” என்றார்கள். சின்னவன் வளைவுச் சாலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். கடைசி நாள் இரவு பத்தரைக்கு வீடு வந்து சேர்ந்ததும் “இனிமேல் ரயில்தான்” என்று மனைவி சொல்லிவிட்டார். எங்கே பிசகியது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிசகியது அந்த 900-இல்தான். நாளுக்கு 300 என்றால் கைபேசி வரைபடம் ஐந்து மணி நேரம் என்று காட்டியிருக்கும். நிற்காமல் ஓட்டினால் ஆகும் நேரம் அது. ஊர்களுக்குள் புகுந்து போகும் இருவழிச் சாலையில் முள் 70-ஐத் தொட்டாலும், வேகத்தடை, பள்ளி முனை, முந்த முடியாத லாரி எல்லாம் போகச் சராசரி 40, 45-க்கு மேல் தேறாது. 45 என்றே வைத்தாலும் 300 கிலோமீட்டருக்கு 6 மணி 40 நிமிடம். மூன்று ஊரில் மும்மூன்று நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்) நிற்பதாக இருந்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். நேரம் போதாதபோது இரவுத் தங்கலை விட முடியாது, சாப்பாட்டை விட முடியாது. ஊர்களைத்தான் விடுவோம்.

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் ஊர்கள், மிச்சத்தில் தூரம். நாளுக்கு வழியில் இரண்டு ஊர், ஊருக்கு ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். காலை 7-க்குக் கிளம்பி 2:30-க்குத் தங்குமிடம் சேர வேண்டும் என்றால் ஓட்டுவதற்கு நாலரை மணி நேரம் கிடைக்கும். அதாவது 200 கிலோமீட்டர். ஓய்வெடுத்துவிட்டு, தங்கும் ஊரையே மாலையில் நடந்து பார்க்கலாம். அது மூன்றாவது ஊர், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

முழுத் தூரமும் பழைய சாலையில் போக வேண்டும் என்பதும் இல்லை. 60 கிலோமீட்டரைப் பெருஞ்சாலையில் 90-இல் கடந்தால் 40 நிமிடம், பழைய சாலையில் 45-இல் போனால் 80 நிமிடம். அந்த 40 நிமிடத்தைக் காலையில் ஒரு தடவை செலவழியுங்கள், போதும். பெருஞ்சாலையில் வேகத்தைக் கூட்டி இதை ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 100 கிலோமீட்டரை 90-இல் போவதற்கும் 100-இல் போவதற்கும் வித்தியாசம் ஏழு நிமிடம்கூட இல்லை.

பழைய சாலையைக் கண்டுபிடிப்பது எளிது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புறவழிச்சாலை ஊரைச் சுற்றி வில் மாதிரி வளைந்திருக்கும். நாண் மாதிரி ஊரின் நடுவே நேராகப் போவதுதான் பழையது. நாணில் ஏறினால் ஊர் கிடைக்கும். வில்லில் போனால் பங்க்கும் பெரிய உணவகமும்தான் கிடைக்கும், அவை எல்லா ஊருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். வண்டி மாடு ஒரு நாளில் கடக்கும் தூரம் 25, 30 கிலோமீட்டர் என்பதால் பழைய வழிகளில் சந்தை ஊர்கள் பலவும் அந்த இடைவெளிக்குள் அமைந்திருக்கும். எல்லாவற்றிலும் இறங்க முடியாது. ஆறு குறுக்கிடும் ஊரையோ, இரண்டு பழைய சாலைகள் வெட்டிக்கொள்ளும் ஊரையோ தேர்ந்தெடுங்கள். வண்டிகள் காத்திருந்த இடம், சரக்கு கைமாறிய இடம் அதுதான். தெருக்களில் அந்தத் தடம் எளிதில் அழிவதில்லை.

முதல் நெடுந்தூரக் கார் பயணத்தையே இடைவழி ஊர்கள்தான் முடித்துக் கொடுத்தன. 1888 ஆகஸ்ட்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை அவருக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில், கறை போக்க விற்கும் லிக்ராயின் என்ற பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றினார். கட்டை பிரேக் தேய்ந்ததும் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் தோல் அடித்துக்கொண்டார். சங்கிலியைக் கொல்லர் சரிசெய்தார். இன்றும் சின்ன ஊர் மெக்கானிக்கிடம் அந்தக் குணம் உண்டு. பெரிய சர்வீஸ் நிலையத்தில் பாகத்தை மாற்றச் சொல்வார்கள், இவர் முதலில் கழற்றிப் பார்ப்பார்.

உங்களுக்கு இரண்டு மணிக்கு ஊர் சாத்தியிருந்ததில் வியப்பில்லை. சின்ன ஊருக்குக் காலையில் ஒரு உயிர், மாலையில் ஒரு உயிர். நடுப்பகலில் கடைக்காரரும் வீட்டுக்குப் போய்விடுவார். முதல் ஊர் 9 மணி, இரண்டாவது 11 மணிக்குள் என்று வையுங்கள். சந்தை நாள் எது, வார விடுமுறை எது என்று தங்குமிடத்துக்கு முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சந்தை நாளில் ஊர் பார்க்க அருமையாக இருக்கும், வண்டி நிறுத்தத்தான் இடம் கிடைக்காது. அன்று ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது.

எந்த நாளானாலும் கடைத்தெருவுக்குள் காரைக் கொண்டுபோக வேண்டாம். தெரு குறுகும், எதிரே ஒரு சரக்கு வண்டி வரும், பின்னால் நாலு பேர் ஹாரன் அடிப்பார்கள். பதறிப்போய் அப்படியே ஊரை விட்டு வெளியேறிவிடுவீர்கள். நிழலில், முகப்பு சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். தண்ணீர், துண்டு, சில்லறை, டார்ச் எல்லாம் கைக்கு எட்டும் ஒரே பையில் இருக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிக்கியைத் திறந்து தேடினால் பத்து நிமிடம் அதிலேயே கரைந்துவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவுக்கும் தெரிந்துவிடும். போன தெருவிலேயே திரும்பாமல் வளையமாக நடந்து வண்டிக்கு வாருங்கள்.

“பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டால் “ஒன்றும் இல்லை” என்றுதான் பதில் வரும். தினமும் பார்ப்பதை யார் காட்சி என்று நினைப்பார்கள்? “பைபாஸ் வருவதற்கு முன்னால் வண்டிகள் எந்தத் தெரு வழியாகப் போகும்?”, “இந்த ஊரில் எதைச் செய்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வழி கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. “இந்த ரோடு அங்கே போகுமா?” என்றால் பாதிப் பேர் மரியாதைக்காகவே “போகும்” என்பார்கள். “அங்கே எப்படிப் போவது?” என்று கேளுங்கள், விரல் சரியான திசையைக் காட்டும். சாலை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எதிர்த்திசையிலிருந்து வந்த ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். உள்ளூர்க்காரர் இருசக்கர வண்டியை மனதில் வைத்துச் சொல்வார்.

கைபேசி வரைபடம் மூன்று நிமிடம் மிச்சம் பிடிக்க வயல் வரப்புக்குள் இறக்கிவிடும். புது வழி காட்டினால், எத்தனை நிமிடம் குறைகிறது என்று பாருங்கள். பத்துக்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். அந்தப் பகுதி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்: சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும், ஆனால் புள்ளிக்கு அடியில் வரைபடம் இருக்காது. கண்ணாடிக்குக் கீழே வெயிலில் மாட்டிய கைபேசி சூடேறி அணைந்துவிடும், ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள்.

சின்னவனின் வாந்திக்கு வருகிறேன். உடல் ஆடுவதை உள்காது சொல்கிறது, கைபேசியையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். பின்னிருக்கையில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் இடத்தில் பெல்ட்டோடு உட்காரவையுங்கள், திரை வேண்டாம். வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் கூடாது. வளைவுக்குள் போய் பிரேக் மிதிக்காமல் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும் உதவும். மாத்திரை தருவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே தர வேண்டும், குமட்டல் தொடங்கியபின் கொடுத்து அதிகப் பயனில்லை. ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது, தூக்கம் வரும்.

தூக்கம் என்றதும் இன்னொன்று. மதியம் இரண்டு முதல் நான்கு வரை, சாப்பிடாவிட்டாலும் உடல் தானாகவே சோரும். 80-இல் ஓடும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது, கண் மூன்று விநாடி சொக்கினால் 66 மீட்டருக்கு ஓட்டுநர் இல்லை. கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் பலிக்காது. ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள், காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் விழிப்பீர்கள்.

வண்டியில் நான் வற்புறுத்துவது டயரைத்தான். காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பிடியுங்கள். அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், முழுச் சுமைக்கு அங்கே தனி அளவு போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது உச்ச வரம்பு, அதைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. ஓடியபின் நான்கு பி.எஸ்.ஐ. வரை ஏறித் தெரிந்தால் காற்றை இறக்காதீர்கள், ஆறியதும் குறைந்துபோகும். காற்று குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடேறித்தான் வெடிக்கிறது. ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். ஒரு நட்டையாவது வீட்டில் கழற்றிப் பாருங்கள்: இயந்திரத்தில் இறுக்கிய நட்டு வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனருக்கு அசையாது, இது இருட்டில் தெரியவரக் கூடாது. ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும், சக்கரம் தூக்கியபின் அது சுற்றும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பிடுங்க வேண்டாம், ஆணியே அடைப்பாக இருக்கும், மெதுவாக அடுத்த ஊர் பஞ்சர் கடை வரை போய்விடலாம். டிக்கி நிறையச் சுமை ஏற்றினால் முன்பக்கம் தூக்கி ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எதிரே வருபவர்கள் விளக்கை மினுக்கினால் காரணம் இதுவாக இருக்கலாம், லெவல் திருகியால் ஒளியைக் கீழே இறக்குங்கள்.

உங்கள் சுற்றை 600 கிலோமீட்டராகக் குறைத்துவிடுங்கள். வளையத்தின் கடைக்கோடி வீட்டிலிருந்து நேர்க்கோட்டில் 200-ஐ ஒட்டி அமையும், நாளுக்கு 200 தானாக வரும். வளையம் அமையாவிட்டால் வந்த வழியே திரும்புவதிலும் தவறில்லை, போகும்போது விட்ட ஊரில் திரும்பும்போது இறங்கலாம். மூன்றாம் நாளும் 7 மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குள் வீடு. வெளிச்சத்திலேயே டிக்கியை இறக்கி, நனைந்த துண்டுகளைக் காயப் போட்டுவிடலாம்.

அன்புடன்.