மூன்று நாளாக ஒரே பிழையில் நிற்கும் மகள்: காவேரிப்பட்டணத்துத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தையும், உங்கள் மகள் தன் கைப்பட எழுதி அதனுடன் இணைத்திருந்த பிழைக் குறிப்புகளையும் பொறுமையாகப் படித்தேன். மூன்றாம் ஆண்டு பி.சி.ஏ. படிக்கும் அவர், உங்கள் மைத்துனர் நடத்தும் மாங்காய் மண்டிக்கு எடை, ரசீது, விவசாயிகளின் கணக்கு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளும், கணினியிலேயே நிறுவி ஓட்டும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளை இறுதியாண்டு புராஜெக்ட்டாக எடுத்திருக்கிறார். ஒரு பிழையைத் தீர்க்க மூன்று நாள் ஆகிறது, தீர்ந்ததும் அடுத்தது முளைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டெஸ்க்டாப் மென்பொருள் செத்துப்போன துறையா, மகளுக்கு இந்த வேலைக்கான திறமை இல்லையா, பெங்களூரில் வேலை உறுதி என்று சொல்லும் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்குப் படுவதால், அதற்கே அதிக இடம் தருகிறேன்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். படித்து முடித்து வெளியே வருபவர்களுக்கான வேலை விளம்பரங்களில் இணையம், கைப்பேசி சார்ந்தவையே அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வட்டாரத்தில் கண்ணைத் திறந்து பாருங்கள். லாரி ஏறி நிற்கும் எடைமேடையின் அறையில், மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில், ஓசூர்த் தொழிற்சாலைகளில் உதிரிபாகத்தை அளந்து பார்க்கும் மேசையில், ஊருக்கு ஊர் இருக்கும் கணக்கர் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் டெஸ்க்டாப் மென்பொருள்கள்தாம். ஒரு கருவியோடு கம்பி வழியே பேச வேண்டிய இடத்திலும், இணையம் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாத இடத்திலும் அவை நிலைத்திருக்கின்றன. விஷுவல் பேசிக் 6 என்ற மொழி 1998-இல் வெளிவந்தது. அதில் நிரல் எழுதுவதற்கான கருவிக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2008-இலேயே முடிந்துவிட்டது. இருந்தும் அதில் எழுதப்பட்ட நிரல்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன, அவற்றைப் பழுது பார்க்கவும் புதிய மொழிக்கு மாற்றவும் ஆள் தேவைப்படுகிறது. உங்கள் மகள் சி ஷார்ப் மொழியைத் தேர்ந்திருப்பது நல்லதே. அதே மொழி இணையப் பணிக்கும் பயன்படும் என்பதால், அவர் கற்பது எதுவும் வீணாகப் போகாது.

இனி இரண்டாவது கேள்வி. அவர் எழுதியிருக்கும் முதல் பிழையையே எடுத்துக்கொள்கிறேன். எடைமேடையின் எடையை எண்ணில் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து எடையைப் படிக்கும் பொத்தானை அழுத்தியதும் திரை முழுவதும் உறைந்து, தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" (நிரல் பதிலளிக்கவில்லை) என்று வந்துவிடுகிறது. டெஸ்க்டாப் நிரல் எழுதக் கற்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. மண்டியில் ஒரே ஆள் தராசையும் கல்லாவையும் பார்த்துக்கொண்டால், அவர் தராசின் முள் நிற்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் கல்லாவுக்கு வந்தவர் பதிலில்லாமல் நிற்பார் அல்லவா? அதேபோல, திரையை வரைவதும் சுட்டியின் சொடுக்கைக் கேட்பதும் ஒரே ஒரு இழையின் (நிரலுக்குள் வேலைகளை வரிசையாகச் செய்யும் ஓர் ஆள் போன்றது, ஆங்கிலத்தில் திரெட்) பொறுப்பு. கருவியிலிருந்து ஒரு வரி வரும்வரை அந்த இழையையே காக்கவைத்தால் திரை உறையத்தான் செய்யும். காத்திருக்கும் வேலையை வேறு இழைக்கு ஒப்படைக்க வேண்டும். 2012-இல் சி ஷார்ப்பின் ஐந்தாம் பதிப்பில் வந்த அசிங்க், அவெய்ட் என்ற இரு சொற்கள் அதை எளிதாக்கிவிட்டன.

அவர் இதைத் தானே கண்டுபிடித்து, தரவு வந்தவுடன் தானாக அழைக்கப்படும் நிகழ்வுக்கு (ஈவென்ட்) நிரலை மாற்றியிருக்கிறார். உடனே இரண்டாவது பிழை வந்திருக்கிறது: ஒரு இழையில் உருவாக்கிய எழுத்துப்பெட்டியை வேறொரு இழையிலிருந்து தொட்டதாகச் சொல்லும் செய்தி. அந்த நிகழ்வு பின்னணி இழையில் நடப்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதே. எடையைத் திரையில் எழுதும் வேலையை மட்டும் திரையின் இழைக்கே திருப்பி அனுப்பினால் தீர்ந்துவிடும், அதற்கு இன்வோக் என்ற வழி இருக்கிறது. ஆனால் இணையத்தில் யாரோ, வேறு இழை தொடுகிறதா என்று பார்க்கும் சோதனையையே அணைத்துவிடு என்று ஒரு வரி வைத்தியம் சொல்லியிருக்கிறார். உங்கள் மகள் அதைச் செய்து பார்த்துவிட்டு, "செய்தி வரவில்லை, ஆனால் எனக்குத் திருப்தியில்லை" என்று குறிப்பின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஐயா, திறமை இருக்கிறதா என்று கேட்டீர்களே, அந்த ஓரக்குறிப்பை ஒரு முறை படித்துப் பாருங்கள். வீட்டில் புகைவாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வதற்கும் அடுப்பைப் போய்ப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது பிழை எனக்கு மிகவும் பிடித்தது. அதுதான் கேட்பதற்குச் சிறியது, விளைவில் பெரியது. 12450 கிலோ என்று வர வேண்டிய இடத்தில் சில நேரம் 124 என்றும் சில நேரம் 50 என்றும் வருகிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. கருவியையும் கணினியையும் இணைக்கும் தொடர் இணைப்பில் (சீரியல்) தரவு துண்டு துண்டாக வரும். நிகழ்வு ஒரு முறை அழைக்கப்பட்டால் ஒரு முழு எடை வந்துவிட்டது என்று பொருளில்லை. வந்ததையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, வரியின் முடிவைக் குறிக்கும் எழுத்து வந்த பிறகே அதை எடையாகக் கொள்ள வேண்டும். எடைக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் வந்தால் கதை வேறு: கருவி நொடிக்கு 2400 பிட் வேகத்தில் அனுப்ப, நிரல் 9600 வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்கலாம். யு.எஸ்.பி. மாற்றியை வேறு துளையில் செருகினால் அந்த இணைப்புக்கு விண்டோஸ் தரும் காம் போர்ட்டின் எண்ணே மாறிவிடக்கூடும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். எனவே அந்த எண்ணை நிரலுக்குள் புதைக்காமல் அமைப்புக் கோப்பில் வைப்பது நல்லது.

ஒன்றைத் தீர்த்ததும் அடுத்தது முளைக்கிறது என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். மேலே உள்ள மூன்றையும் தொடர்ந்து பார்த்தால், முதலாவதைச் சரியாகத் தீர்த்ததால்தான் இரண்டாவது கண்ணில் பட்டது, இரண்டாவதைத் தீர்த்ததால் மூன்றாவது என்பது விளங்கும். இதற்கு மூன்று நாள் மூன்று நாளாக ஒன்பது நாள் ஆனதில் எனக்கு வியப்பில்லை.

ஆனாலும் அவர் நேரத்தை வீணாக்கிய ஓரிடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மண்டிப் பதிவேட்டிலிருந்து ஜூன் மாதக் கணக்கை ஏற்றியபோது, 12-ஆம் தேதி வரை எல்லாம் ஏறின, 13-ஆம் தேதியிலிருந்து பிழை என்று நின்றுவிட்டது. அவர் 13-ஆம் தேதிக்கு உரிய பதிவுகளையே இரண்டு நாள் துருவியிருக்கிறார். உண்மையில் பழுது முதல் பன்னிரண்டு நாட்களில்தான் இருந்தது. கல்லூரிக் கணினி நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் படிக்கிறது, மண்டிக் கணினியோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கிறது. ஆகவே 5/6 என்று எழுதிய ஜூன் 5 அங்கே மே 6 ஆகப் பதிவாகி, யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்விட்டது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 13-ஆம் தேதியன்று நிரல் நின்றது, அது நின்றதும் நல்லதாயிற்று. நின்ற இடத்தை மட்டும் பார்க்காமல், ஓடிய இடம் சரியாகத்தான் ஓடியதா என்று பார்த்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். தேதியை எழுத்துச் சரமாக ஒட்டாமல் தேதி வகையாகவே, அளபுருக்கள் (கட்டளையில் மதிப்புக்கென விடும் தனி இடங்கள், பாராமீட்டர்) வழியாகத் தரவுத்தளத்துக்கு அனுப்பும்படி சொல்லுங்கள்.

"என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை" என்ற வகையைச் சேர்ந்த மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். அக்சஸ் தரவுத்தளத்தோடு பேசும் இயக்கி 32 பிட்டாகவும் நிரல் 64 பிட்டாகவும் இருந்தால் அவை ஒன்றையொன்று அறியா. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் தரவுக் கோப்பை வைத்து எழுத முயன்றால், சாதாரணப் பயனருக்கு விண்டோஸ் அனுமதி தராது. தொகையை டபுள் என்ற தசம எண் வகையில் வைத்தால், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது துல்லியமாக 0.3 வராது, பைசா கணக்குக்கு டெசிமல் வகைதான் பொருந்தும். விவசாயியின் பெயரைத் தமிழில் அடித்தால் கேள்விக்குறிகளாக மாறுகிறது என்று எழுதியிருக்கிறார். எஸ்.கியூ.எல். சர்வரில் அந்த நெடுவரிசையின் வகை, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்கார் ஆக இருக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியலை அப்படியே ஏற்றாமல், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

இவை அனைத்துக்கும் பொதுவாக அவர் பழக வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு, நேர்காணலில் நிறுவனங்கள் தேடுவதும் அதையேதான் என்பது இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் கண்டது. பிழைச்செய்தியை மூடாமல் முழுவதும் படிப்பது, அதன் கீழே வரும் நீண்ட பட்டியலில் தான் எழுதிய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று பார்ப்பது, அதே பிழையை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கும் வழியைக் கண்டுபிடிப்பது, பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இதில் கடைசிப் படியில்தான் மாணவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். ஐந்து இடங்களில் மாற்றிவிட்டு, பிழை போய்விட்டது என்று மகிழ்ந்து, எதனால் போனது என்று தெரியாமல் நிற்பார்கள். பிழையைப் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும் வெற்றுக் கேட்ச் பகுதிகளையும் அவர் தன் நிரலிலிருந்து களைய வேண்டும். மண்டியில் என்ன நடந்தது என்பதைத் தேதி நேரத்தோடு ஒரு பதிவுக் கோப்பில் எழுதும்படி செய்தால், ரசீது தவறிய நாளில் அதுவே சாட்சி சொல்லும். செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்பதை நான் தடுக்கமாட்டேன். அது தந்த வரி ஏன் வேலை செய்கிறது என்று தன் வாயால் விளக்க முடிந்தால் அதை வைத்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் நீக்கிவிடட்டும்.

எனக்கு அனுப்பிய குறிப்புகளை அவர் ஒரு நோட்டாகவே தொடரச் சொல்லுங்கள். எந்த நாள், என்ன கண்டேன், எதைச் சந்தேகித்தேன், எப்படிச் சோதித்தேன், காரணம் என்ன என்று ஒரு பிழைக்கு அரைப் பக்கம் போதும். "புராஜெக்ட்டில் நீங்கள் சந்தித்த கடினமான சிக்கல் எது" என்ற கேள்வி வராத நேர்காணல் அரிது. இணையத்தில் இறக்கிய புராஜெக்ட்டை ஒப்படைத்தவர்கள் அங்கே விழிப்பார்கள், உங்கள் மகளோ 124 கிலோவின் கதையைச் சொல்வார்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு நிலையத்துக்கு நானே ஒரு மாணவரைப் பரிந்துரைத்துவிட்டு, அவர் கட்டிய பணத்துக்கு ஈடாக ஒரு சான்றிதழ் மட்டுமே பெற்று வந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். வேலை உறுதி என்பவர்களிடம், வேலை கிடைக்காவிட்டால் தொகையைத் திருப்பித் தருவதாக எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள், பேச்சின் தொனி மாறுவதைக் காண்பீர்கள். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் அவர் கல்லூரியில் நடக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். மேலே படிக்க விருப்பமிருந்தால் எம்.சி.ஏ. இரண்டு ஆண்டுதான், அதற்கு டான்செட் என்ற தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வை அவர் எழுத வேண்டியிருக்கும். உடனே வேலை என்றால், ஓசூரில் தொழிற்சாலைகளுக்கான சோதனைக் கருவிகளையும் அவற்றின் மென்பொருளையும் செய்துதரும் சிறு நிறுவனங்களை நேரில் அணுகலாம். கருவியோடு பேசும் நிரலை எழுதிய புதியவர் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அங்கிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு போகலாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. "இன்னும் முடியவில்லையா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்று எதைச் சோதித்துப் பார்த்தாய்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதே பாதி வழி அவருக்குத் தெரிந்துவிடும். மற்றொன்று, மைத்துனரிடம் பேசி, எடைமேடை அறையில் மகள் முழுதாக ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கித் தாருங்கள். பெங்களூரா ரக மாங்காய் வரத்துத் தொடங்கிவிட்டால் மைத்துனருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பதால், சித்திரை பிறப்பதற்குள் கேட்டுவிடுவது நல்லது.